நெகிழ் மின்னணுவியல்

நெகிழ் மின்னணுவியல் என்பது வளையவோ, மடியவோ, இழுபடவோ கூடிய மெல்லிய அடித்தளங்களின் மீது மின்னணுச் சுற்றுகளை அமைப்பது பற்றிய அறிவியல், தொழில்நுட்பத் துறை ஆகும். வழமையான மின்னணுக் கருவிகள் விறைப்பான சிலிக்கான் தகட்டின் மீதோ கண்ணாடியின் மீதோ அமைக்கப்படுகின்றன. நெகிழ் மின்னணுவியலில் அவற்றின் இடத்தைப் பிளாஸ்டிக் படலம், இரப்பர், காகிதம், மெல்லிய உலோகத் தகடு முதலியன பெறுகின்றன. மடிக்கக்கூடிய கைபேசித் திரை, தோலில் ஒட்டும் மருத்துவ உணரி, சுருட்டி எடுத்துச் செல்லக்கூடிய சூரிய மின்கலம் ஆகியவை இத்துறையின் விளைபொருட்களுள் சில.

இயற்பியல், வேதியியல், பொருளறிவியல், இயந்திரவியல், மின்னணுப் பொறியியல் ஆகிய துறைகள் இங்கு ஒன்றுகூடுகின்றன. இதன் அடிப்படைக் கண்டுபிடிப்புகள் பலவும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் தோன்றியவை. ஆய்வுகூடத்தில் வளைத்துக் காட்டப்பட்ட ஒரு கருவிக்கும், பல ஆண்டுகள் பழுதின்றி உழைக்கும் ஒரு பொருளுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடப்பதே இத்துறையின் முதன்மையான சிக்கலாக இருந்து வருகிறது.

வரையறை

நெகிழ்வு என்னும் சொல் இத்துறையில் மூன்று வெவ்வேறு தன்மைகளைக் குறிக்கிறது.

1. ஒருமுறை வளைத்துப் பொருத்தப்பட்ட பின் அசையாதிருத்தல். ஓரங்கள் வளைந்த கைபேசித் திரை இதற்கு எடுத்துக்காட்டு.
2. திரும்பத் திரும்ப வளையவும் மடியவும் கூடியதாக இருத்தல்.
3. இரப்பரைப் போல் இழுபட்டு மீண்டும் பழைய நிலையை அடைதல்.

இவை மூன்றும் ஒன்றைவிட ஒன்று கடினமானவை. பாலிஇமைடு என்னும் பிளாஸ்டிக் படலத்தின் மீது செப்புத் தடங்கள் பதித்த நெகிழ் சுற்றுப்பலகைகள் ஒளிப்படக் கருவிகளிலும் அச்சுப்பொறிகளிலும் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வருகின்றன. ஆனால் அவற்றில் வளைவது இணைப்புத் தடம் மட்டுமே; அதில் பொருத்தப்பட்ட சில்லுகள் விறைப்பானவை. டிரான்சிஸ்டர் எனப்படும் திரிதடையம் உட்பட முழுச் சுற்றும் வளைய வேண்டும் என்பதே நெகிழ் மின்னணுவியல் ஆய்வுகளின் நோக்கம்.

வளைதலின் இயக்கவியல்

ஒரு தகட்டை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. மேற்பரப்பில் ஏற்படும் இந்த நீட்சியின் விகிதம் திரிபு எனப்படும். தகட்டின் தடிமனை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் திரிபின் அளவு கிடைக்கும். இந்த எளிய உறவே நெகிழ் மின்னணுவியலின் அடித்தளம் ஆகும்.

அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் தகட்டை 1 சென்டிமீட்டர் ஆரத்துக்கு வளைக்க முயன்றால் அதன் மேற்பரப்பில் 2.5% திரிபு தோன்ற வேண்டும். ஏறத்தாழ 1% திரிபிலேயே சிலிக்கான் உடைந்துவிடும் என்பதால் இது இயலாது. அதே சிலிக்கானை 100 நானோமீட்டர் தடிமனுள்ள படலமாக்கி அதே ஆரத்துக்கு வளைத்தால் திரிபு 0.0005% மட்டுமே. எனவே நெகிழ்வு என்பது பொருளின் இயல்பைப் போலவே அதன் தடிமனையும் பொறுத்தது. உடையக்கூடிய கண்ணாடி, மெல்லிய இழையாக இழுக்கப்பட்டபின் ஒளியிழை வடமாக வளைவதும் இதனாலேயே.

வளைப்பதற்குத் தேவையான விசையோ தடிமனின் மும்மடிக்கேற்ப மாறுகிறது. தடிமன் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தால் விறைப்பு நூறு கோடியில் ஒன்றாகக் குறையும்.

நடைமுறையில் மின்னணுப் படலத்தைத் தாங்கும் பிளாஸ்டிக்கின் தடிமனையும் கணக்கில் கொள்ள வேண்டும். 50 மைக்ரோமீட்டர் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் உள்ள சுற்று, 5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைக்கப்படும்போது ஏறத்தாழ 0.5% திரிபுக்கு உள்ளாகும். இதனைத் தவிர்க்க, சுற்றின் மீது இன்னொரு பிளாஸ்டிக் படலம் ஒட்டப்படுகிறது. அப்போது சுற்று, நீட்சியும் சுருக்கமும் இல்லாத நடுநிலைத் தளத்தில் அமைகிறது.

இழுபடுதல் இதனினும் கடினமானது. மனிதத் தோல் 30% அளவுக்கு இழுபடக்கூடியது. தடிமனைக் குறைப்பதால் மட்டும் சிலிக்கானோ உலோகமோ இந்த அளவுக்கு நீளாது. அதற்குப் பொருளின் வடிவத்தையோ பொருளையோ மாற்ற வேண்டும்.

பொருட்கள்

அடித்தளம்: மலிவான பாலியெத்திலீன் டெரிப்தலேட்டு படலம் (குடிநீர்ப் போத்தல்கள் செய்யப்படும் அதே பிளாஸ்டிக்) 80 பாகை செல்சியசை நெருங்கும்போதே மென்மையடையத் தொடங்குகிறது. திரைகளில் பயன்படும் படிக உருவற்ற சிலிக்கானைப் படிய வைக்க வழமையாக 300 பாகை அளவிலான வெப்பநிலை தேவை. பாலிஇமைடு இவ்வெப்பத்தைத் தாங்கும்; ஆனால் வழமையான பாலிஇமைடு மஞ்சள் நிறமுடையது, விலையும் கூடியது. ஆகவே குறைந்த வெப்பத்தில் உருவாக்கக்கூடிய குறைக்கடத்திகளைத் தேடுவது ஆய்வின் முக்கிய திசையாயிற்று.

குறைக்கடத்தி: ஒரு குறைக்கடத்தியினுள் மின்னூட்டங்கள் எவ்வளவு எளிதாக நகரும் என்பதைக் குறிக்கும் அளவு நகர்திறன் ஆகும். ஒற்றைப் படிக சிலிக்கானில் எலக்ட்ரான்களின் நகர்திறன், வோல்ட்டு-வினாடிக்கு ஏறத்தாழ 1400 சதுர சென்டிமீட்டர். இதே அலகில் படிக உருவற்ற சிலிக்கானின் நகர்திறன் 1 அல்லது அதற்கும் குறைவு. இன்டியம்-காலியம்-துத்தநாக ஆக்சைடுக்கு அது 10 அளவிலானது. கரிமக் குறைக்கடத்திகள் தொடக்கத்தில் மிகத் தாழ்ந்த நிலையில் இருந்தன. 1990களின் பிற்பகுதியில் பென்டசீன் என்னும் கரிமச் சேர்மம் படிக உருவற்ற சிலிக்கானுக்கு இணையான நிலையை எட்டியது.

கடத்தி: திரைகளில் ஒளி ஊடுருவும் மின்வாயாகப் பயன்படும் இன்டியம் வெள்ளீய ஆக்சைடு நொறுங்கும் தன்மையுடையது. வெள்ளி நானோகம்பி வலை, கடத்தும் பல்லுறுப்பி, கிராஃபீன் ஆகியவை இதற்கு மாற்றாக ஆராயப்பட்டன. 2010 இல் தென்கொரியாவின் சுங்கியுன்குவான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 அங்குல கிராஃபீன் படலத்தைச் சுருள் முறையில் உருவாக்கிக் காட்டினர்.

காப்புறை: கரிம ஒளியுமிழ் டையோடுகள் ஈரத்தாலும் ஆக்சிசனாலும் விரைவில் கெடுகின்றன. இவற்றைக் காக்க, ஒரு சதுர மீட்டரின் வழியே நாளொன்றுக்கு ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் நீராவி புகக் கூடாது எனப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. கண்ணாடி இதை எளிதில் நிறைவேற்றும். சாதாரணப் பிளாஸ்டிக் படலத்திலோ இதைவிடப் பல இலட்சம் மடங்கு நீராவி ஊடுருவும். எனவே கரிமப் படலத்தையும் கனிமப் படலத்தையும் மாறி மாறி அடுக்கிய தடுப்புறைகள் உருவாக்கப்பட்டன.

வரலாறு

கடத்தும் பல்லுறுப்பிகள்

பாலிமர் எனப்படும் பல்லுறுப்பிகள் நெடுங்காலம் மின்காப்புப் பொருட்களாகவே கருதப்பட்டன. 1967 இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில், ஹிதெக்கி ஷிராக்காவா பணியாற்றிய ஆய்வுகூடத்தில் பாலிஅசிட்டிலீன் தயாரிக்கப்பட்டபோது, தவறுதலாக வினையூக்கி ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மிகுதியாகச் சேர்க்கப்பட்டது. வழமையான கரும்பொடிக்குப் பதிலாக வெள்ளியைப் போல் மின்னும் படலம் கிடைத்தது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஆலன் மக்டியார்மிட் ஜப்பானுக்குச் சென்றபோது இப்படலத்தைக் கண்டு, ஷிராக்காவாவைத் தம் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். அங்கு இயற்பியலாளர் ஆலன் ஹீகரும் இணைந்து, 1976 இல் படலத்தை அயோடின் ஆவிக்கு உட்படுத்தியபோது அதன் கடத்துதிறன் கோடி மடங்கு உயர்ந்தது. முடிவுகள் 1977 இல் வெளியாயின. மூவருக்கும் 2000 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பாலிஅசிட்டிலீன் காற்றில் நிலையற்றது. எனவே நோபல் பரிசுக்கு வழிவகுத்த இப்பொருள் எந்தக் கருவியிலும் பரவலாகப் பயன்படவில்லை. ஆயினும் அது திறந்துவிட்ட வழியில் நிலையான பல கடத்தும் பல்லுறுப்பிகள் பின்னர் உருவாயின.

கரிமத் திரிதடையமும் ஒளியுமிழ் டையோடும்

1986 இல் ஜப்பானின் மிட்சுபிசி நிறுவன ஆய்வாளர்கள் பாலிதயோஃபீன் என்னும் பல்லுறுப்பியைக் கொண்டு புலவிளைவுத் திரிதடையத்தை உருவாக்கினர். அதன் நகர்திறன் மேற்கூறிய அலகில் நூறாயிரத்தில் ஒரு பங்கு அளவிலானதே. 1987 இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான்ஸ்லைக் ஆகியோர் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் கரிம ஒளியுமிழ் டையோடை அறிவித்தனர்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவன்டிஷ் ஆய்வுகூடத்தில் ரிச்சர்டு ஃபிரெண்டு, ஜெரமி பர்ரோஸ், டொனால் பிராட்லி முதலானோர் பல்லுறுப்பியிலிருந்தே ஒளி வெளிப்படுவதைக் கண்டு 1990 இல் வெளியிட்டனர். இதனை அடிப்படையாகக் கொண்டு 1992 இல் கேம்பிரிட்ஜ் டிஸ்ப்ளே டெக்னாலஜி என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் இதே பல்கலைக்கழகத்தில் ஹென்னிங் சிரிங்ஹவுஸ் முதலானோர் மைத்தாரை அச்சு முறையில் பல்லுறுப்பித் திரிதடையங்களை அச்சிட்டுக் காட்டினர்.

ஆக்சைடுக் குறைக்கடத்தி

2004 இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிதியோ ஹொசோனோவின் குழு, இன்டியம்-காலியம்-துத்தநாக ஆக்சைடைக் கொண்டு பிளாஸ்டிக் படலத்தின் மீது அறை வெப்பநிலையிலேயே திரிதடையங்களை உருவாக்கியது. படிக ஒழுங்கு இல்லாத நிலையிலும் இதன் நகர்திறன் படிக உருவற்ற சிலிக்கானைவிடப் பத்து மடங்கு அளவு கூடியது. வளையும் பிளாஸ்டிக்கில் பிறந்த இந்தப் பொருள், பின்னர் விறைப்பான கண்ணாடித் திரைகளிலேயே பெருமளவில் பயன்பாட்டுக்கு வந்தது.

இழுபடும் சிலிக்கான்

இரப்பரின் மீது படிந்த மெல்லிய உலோகப் படலம் தானாகவே அலை வடிவில் மடிப்புறுவதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் 1998 இல் விளக்கினர். இலினொய் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ், இயந்திரவியலாளர் யொங்காங் ஹுவாங் ஆகியோரின் குழு 2006 இல் இதே விளைவைச் சிலிக்கானுக்குப் பயன்படுத்தியது. முதலில் இரப்பர் இழுத்துப் பிடிக்கப்பட்டது. அதன் மீது மிக மெல்லிய ஒற்றைப் படிக சிலிக்கான் பட்டைகள் ஒட்டப்பட்டன. பின்னர் இரப்பர் தளர்த்தப்பட்டது. சுருங்கும் இரப்பர் பட்டைகளை அலை அலையாக மடித்தது. மீண்டும் இழுக்கும்போது அலைகள் விரிகின்றன, சிலிக்கான் நீள்வதில்லை. மென்மையான பொருளைத் தேடுவதற்கு மாறாக, கடினமான பொருளையே மென்மையாக நடந்துகொள்ளச் செய்த அணுகுமுறை இது. 2011 இல் இக்குழு, தோலின் மென்மைக்கு இணையான ஒட்டுச் சுற்றை வெளியிட்டது.

மிகமெல்லிய படலங்கள்

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தக்காவோ சோமேயாவின் குழு, ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து 2013 இல் மொத்தம் 2 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சுற்றுகளை உருவாக்கியது. இவற்றின் எடை சதுர மீட்டருக்கு 3 கிராம். அலுவலகக் காகிதத்தின் எடை சதுர மீட்டருக்கு 80 கிராம் என்பது ஒப்பிடத்தக்கது. கசக்கிய பின்னும் இவை இயங்கின.

இயல்பாகவே இழுபடும் குறைக்கடத்தி

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் செனான் பாவோவின் குழு, பொருளின் மூலக்கூற்று அமைப்பையே மாற்றி இழுபடும் பல்லுறுப்பிக் குறைக்கடத்திகளை உருவாக்கியது. 2018 இல் இக்குழு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 347 திரிதடையங்கள் கொண்ட இழுபடும் அணியை வெளியிட்டது.

உற்பத்தி முறைகள்

சிலிக்கான் சில்லுகள் தூய்மை அறைகளில் வெற்றிடத்திலும் உயர் வெப்பத்திலும் பல படிகளில் உருவாக்கப்படுகின்றன. நெகிழ் சுற்றுகளைச் செய்தித்தாள் போல் அச்சிட முடியும் என்பது இத்துறையின் தொடக்ககால எதிர்பார்ப்பு. கரைசலாக்கக்கூடிய குறைக்கடத்திகளை மைத்தாரை, திரையச்சு, குழிவச்சு ஆகிய முறைகளால் பிளாஸ்டிக் சுருளின் மீது பதிப்பது சுருள்முறை உற்பத்தி எனப்படுகிறது.

எனினும் மடிக்கக்கூடிய திரைகள் இம்முறையில் உருவாக்கப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மீது நீர்ம நிலையில் பாலிஇமைடு பூசப்பட்டு இறுகச் செய்யப்படுகிறது. அதன் மீது வழமையான முறையில் திரை அமைக்கப்பட்டபின், லேசர் கொண்டு பாலிஇமைடு கண்ணாடியிலிருந்து பிரிக்கப்படுகிறது. இதனால் ஏற்கெனவே உள்ள தொழிற்சாலைகளையே பயன்படுத்த முடிகிறது. மெல்லியதாக்கப்பட்ட சிலிக்கான் சில்லுகளை அச்சிட்ட தடங்களுடன் இணைக்கும் கலப்பு முறையும் கையாளப்படுகிறது.

பயன்பாடுகள்

திரைகள்: முதலாவது மடிப்புத்திரைக் கைபேசிகள் 2018 இலும் 2019 இலும் சந்தைக்கு வந்தன. 2020 முதல் சில கைபேசிகளில் பிளாஸ்டிக் மேலுறையுடன் 30 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கண்ணாடியும் பயன்படுகிறது. கண்ணாடியை மெல்லியதாக்கினால் அது வளையும் என்னும் விதியின் நேரடிப் பயன் இது.

மருத்துவம்: குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் இதயத்துடிப்பு, சுவாசம், வெப்பநிலை ஆகியவற்றை இடைவிடாது கண்காணிக்க வேண்டியுள்ளது. இதற்காக உடலில் ஒட்டப்படும் கம்பி உணரிகளைக் கழற்றும்போது முதிராத தோல் கிழிந்து புண்ணாவதுண்டு. கம்பிகள் காரணமாகத் தாய் குழந்தையைத் தூக்கி மார்போடு அணைப்பதும் கடினம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு மாறிய ராஜர்சின் குழு, கம்பியில்லாத இரண்டு மென்மையான உணரிகளை உருவாக்கி 2019 இல் முடிவுகளை வெளியிட்டது. ஒன்று மார்பிலும் மற்றொன்று பாதத்திலும் ஒட்டப்படும். பிறந்த குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இவை வழமையான கருவிகளுடன் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. கருவி மென்மையாக இருக்க வேண்டியதன் தேவை மிகத் தெளிவாகத் தெரியும் பயன்பாடு இதுவாகும்.

கணிப்பு: 2021 இல் ஆர்ம், பிராக்மாட்டிக் ஆகிய நிறுவனங்கள் பாலிஇமைடு படலத்தின் மீது ஆக்சைடுத் திரிதடையங்களால் ஆன 32 பிட் நுண்செயலியை அறிவித்தன. அதன் உயர்ந்தபட்ச வேகம் 29 கிலோ எர்ட்சு. கைபேசிச் செயலிகள் இதைவிட ஏறத்தாழ இலட்சம் மடங்கு வேகமானவை. எனவே உணவுப் பொதி, காயக்கட்டு போன்ற, மலிவும் நெகிழ்வும் வேகத்தைவிட முக்கியமான இடங்களுக்கே இத்தகைய செயலிகள் கருதப்படுகின்றன.

இந்தியாவில்

கான்பூரில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தேசிய நெகிழ் மின்னணுவியல் மையம் இந்திய அரசின் ஆதரவுடன் நிறுவப்பட்டது. அச்சு மின்னணுவியல், சுருள்முறை உற்பத்தி ஆகியவற்றில் பல்கலைக்கழக ஆய்வையும் தொழில்துறையையும் இணைப்பது இதன் நோக்கங்களுள் ஒன்று.

சிக்கல்களும் விமர்சனங்களும்

வணிக முயற்சிகள்

கேவன்டிஷ் ஆய்வுகூடத்திலிருந்து 2000 இல் தோன்றிய பிளாஸ்டிக் லாஜிக் நிறுவனம் 2008 இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தொழிற்சாலை திறந்தது. கியூ என்னும் மின்னூல் படிப்பானை 2010 சனவரியில் அறிமுகப்படுத்திய இந்நிறுவனம், பொருள் விற்பனைக்கு வரும் முன்னரே அதே ஆண்டு ஆகத்தில் அதனைக் கைவிட்டது. தொழில்நுட்பம் இயங்கியது. ஆனால் அது ஆயத்தமாவதற்குள் கண்ணாடித் திரை கொண்ட மலிவான மின்னூல் படிப்பான்களும் பலகைக் கணினிகளும் சந்தையைப் பிடித்துவிட்டன. 2019 ஏப்ரலில் சாம்சங் நிறுவனத்தின் முதல் மடிப்புக் கைபேசியின் மாதிரிகள் சில, மதிப்பாய்வாளர்களின் கையில் சில நாட்களிலேயே பழுதாயின. வெளியீடு செப்டம்பருக்குத் தள்ளிப்போனது.

ஆய்வு முடிவுகளின் நம்பகத்தன்மை

2000 ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய யான் ஹென்ட்ரிக் ஷோன், கரிமப் படிகங்களில் மீகடத்துகை உள்ளிட்ட வியத்தகு முடிவுகளைத் தொடர்ச்சியாக வெளியிட்டார். உலகெங்கும் பல குழுக்கள் அவற்றை மீளச் செய்ய முயன்று தோல்வியுற்றன. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மால்கம் பீஸ்லி தலைமையிலான விசாரணைக் குழு 2002 செப்டம்பரில் அறிக்கை அளித்தது. ஆராயப்பட்ட 24 குற்றச்சாட்டுகளில் 16 இல் ஆய்வு மோசடி நிகழ்ந்துள்ளதாக அக்குழு முடிவு செய்தது. அவருடைய கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. உண்மையான முடிவுகளைத் தேடிச் செலவான பிற ஆய்வாளர்களின் ஆண்டுகள் திரும்பக் கிடைக்கவில்லை.

மோசடி இல்லாத இடத்திலும் அளவீட்டுப் பிழைகள் நேர்கின்றன. உலோக மின்வாய்க்கும் கரிமக் குறைக்கடத்திக்கும் இடையிலுள்ள மின்தடை, மின்னழுத்தத்திற்கேற்ப மாறும்போது நகர்திறன் உண்மையைவிடப் பல மடங்கு கூடுதலாகக் கணக்கிடப்படலாம் என அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் 2016 இல் காட்டினர். இதன்பின் முந்தைய உயர் மதிப்புகள் பல மறுபரிசீலனைக்கு உள்ளாயின.

நீடித்துழைத்தல்

ஒரு கருவி ஒருமுறை வளைவதும் இலட்சம் முறை வளைவதும் ஒன்றல்ல. திரும்பத் திரும்ப வளைக்கும்போது நுண்விரிசல்கள் தோன்றி வளர்கின்றன. அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன. மென்மையான பகுதியும் விறைப்பான பகுதியும் சந்திக்கும் விளிம்பிலேயே பெரும்பாலும் பழுது தொடங்குகிறது. தோலில் ஒட்டும் கருவிகள் வியர்வையையும், உதிர்ந்து புதுப்பிக்கப்படும் தோலையும் எதிர்கொள்ள வேண்டும். பல சுழற்சிகளுக்குப் பின் கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆய்வுக் கட்டுரைகளில் குறிப்பிடுவது ஆகவே முக்கியமானதாகக் கருதப்படுகிறது.

சுற்றுச்சூழல்

நெகிழ் சுற்றுகளில் பிளாஸ்டிக், உலோகம், ஆக்சைடு, பசை ஆகியவை மைக்ரோமீட்டர் அளவிலான அடுக்குகளாக இறுகப் பிணைந்துள்ளன. இவற்றைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் பொதிகளிலும் காயக்கட்டுகளிலும் இவை பரவினால் மின்னணுக் கழிவு மேலும் பெருகும். இதன் காரணமாகச் செல்லுலோசு, பட்டுப் புரதம் போன்ற மக்கக்கூடிய அடித்தளங்களும் ஆராயப்பட்டு வருகின்றன. இவற்றில் எதிர்பார்க்கப்படும் பண்பு ஈரத்தைத் தாங்கி நிலைத்திருப்பதன்று. தேவை முடிந்ததும் சிதைந்து போவதே.